விலை ஏறியது பன்னிரண்டாயிரம், பில் ஏறியது எழுபத்து நான்காயிரம்

கார் ஷோரூமில் ஒரு விலைத்தாள் தருவார்கள். அதன் கடைசி வரியில் "ஆன் ரோடு" என்று ஒரு தொகை இருக்கும். விற்பனைப் பையன் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவான். நாமும் அந்த வட்டத்தைத்தான் பார்ப்போம், அதை வைத்துத்தான் தவணைக் கணக்குப் போடுவோம். அந்த வட்டத்துக்குள் மூன்று பேருடைய பணம் கலந்து கிடக்கிறது: அரசாங்கத்தின் பணம், காப்பீட்டுக் கம்பெனியின் பணம், ஷோரூம்காரரின் பணம். எது யாருக்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த வருடம் நான் நன்றாகவே பார்த்துவிட்டேன். எனக்கு முன்னால் கார் வாங்கிய சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மைலேஜ் பற்றியும் கலர் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள், வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் ஜெராக்ஸ், ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் மாமியும் பள்ளிக்கூடம் போகும் மகனும்தான். மாமிக்கு இருதயத்தில் கொஞ்சம் பிரச்சினை இருப்பதால் மாதாமாதம் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரம்தானே. பழைய கார் அடிக்கடி வழியில் நிற்க ஆரம்பித்ததும் புதிது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி குறைந்த சமயம் அது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளம், 1200 சிசி வரை பெட்ரோல் இன்ஜின் (டீசல் என்றால் 1500 சிசி வரை) உள்ள கார்களுக்கு 18 சதவீதம் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் 28 சதவீதம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. ஊரே கார் வாங்கக் கிளம்பியது போல ஷோரூமில் உட்கார நாற்காலி இல்லை.

நாங்கள் பார்த்தது நான்கு மீட்டருக்குள் வரும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். மகனுக்குச் சிவப்பு உடம்பு, கறுப்புக் கூரை உள்ள வண்டிதான் வேண்டும். இரட்டை வண்ணம் என்று சொல்வார்களே, அது. எக்ஸ் ஷோரூம் விலை 9,94,000. அதன்மேல் சாலை வரி 1,29,220, காப்பீடு 47,500, "பதிவுச் செலவு" 9,800, "லாஜிஸ்டிக்ஸ்" 7,500, கூடுதல் வாரண்டி 14,000, அக்சஸரீஸ் 18,000. ஆக மொத்தம் 12,20,020, வட்டம் போட்டாகிவிட்டது. பழைய காரை அங்கேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வண்டி வந்துவிடும் என்று சொன்னதை நம்பிப் பழைய வண்டியின் சாவியையும் அன்றே ஒப்படைத்தாயிற்று. வங்கியில் கடன் பாஸாகி, சாங்ஷன் கடிதமும் கைக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் போயிற்று, வண்டி வரவில்லை. மாமியை வாடகைக் காரில்தான் கூட்டிப் போனேன். களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை நெரிசலில் நின்று, ஆஸ்பத்திரியில் காத்திருப்புக் கூலியும் சேர்த்துக் கொடுத்து வீடு திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். ஜனவரியில் ஷோரூமிலிருந்து போன் வந்தது. "அக்கா, வண்டி வந்திருக்கு, வாங்க. ஒரு சின்ன விஷயம், கம்பெனி விலை கொஞ்சம் ஏத்தியிருக்காங்க, பன்னிரண்டாயிரம்தான்." வருடம் பிறந்தால் கார் கம்பெனிகள் விலை ஏற்றுவது வழக்கம்தான். சரி, பன்னிரண்டாயிரம் போனால் போகட்டும் என்று கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

புதுத் தாளில் வட்டத்துக்குள் இருந்த தொகை 12,93,940.

பழைய தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏறியிருப்பது 73,920 ரூபாய். "பன்னிரண்டாயிரம்தானே தம்பி சொன்னீங்க?" என்று கேட்டேன். "டாக்ஸ் சேர்ந்து வருதுக்கா" என்றான். பன்னிரண்டாயிரத்துக்கு அறுபத்திரண்டாயிரம் வரி வருமா என்று கேட்டதற்கு, "அது கவர்மென்ட் டாக்ஸ், எங்க கையில இல்லைக்கா. இன்னைக்கே பணம் கட்டினா வெள்ளிக்கிழமை டெலிவரி" என்றான். மேலாளரும் வந்து அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். அவர்கள் பொய் சொல்லவில்லை, அது அரசாங்க வரிதான். ஆனால் அது ஏன் அப்படி ஏறியது என்று அங்கே இருந்த யாருக்கும் விளக்கத் தெரியவில்லை, அல்லது விளக்க மனமில்லை. பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது, நான் ஒற்றைப் பொம்பளை, மஸ்கட்டுக்குப் போன் போட்டால் அவர் வேலையில் இருக்கிறார். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்ததுதான் இந்தக் கதையில் நான் செய்த உருப்படியான காரியம். இன்றைக்கே கட்டுங்கள் என்று யார் சொன்னாலும் ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்கள். விலைத்தாளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டாலும் போதும்.

ராத்திரி மாமி தூங்கிய பிறகு கடையின் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு சாலை வரியை ஆயுட்கால வரியாக ஒரே தடவையில் வாங்கிவிடுகிறார்கள். 2023 நவம்பரிலிருந்து அந்த வரி நான்கு படிகளாக இருக்கிறது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். அதற்கு முன்னால் 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15 என்று இரண்டே படிதான் இருந்தது. வருமான வரியில் ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம் வரும். கார் வரி அப்படி இல்லை. பத்து லட்சத்தைத் தாண்டிய உடனே, முதல் ரூபாயிலிருந்து மொத்த விலைக்கும் 18 சதவீதம். என் வண்டி 9,94,000-ல் இருந்தபோது 13 சதவீதம், அதாவது 1,29,220. 10,06,000 ஆனதும் 18 சதவீதம், அதாவது 1,81,080. இதிலேயே 51,860 ஏறிவிட்டது. அரிசி விலை ஒரு ரூபாய் ஏறினால் மூட்டைக்கு எவ்வளவு என்று சட்டென்று சொல்கிற நமக்கு, இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவதாக ஒரு வரி வந்திருந்தது, டி.சி.எஸ் என்று. பழைய தாளில் அது கிடையவே கிடையாது. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டியை விற்கும்போது விற்பவர் நம்மிடம் ஒரு சதவீதம் வாங்கி வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இதுவும் மொத்த விலைக்குத்தான், எனக்கு 10,060. இந்தப் பணம் போய்விடாது. நம்முடைய பான் எண்ணில் வரவாகும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் திரும்ப வரும். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் தெரிவித்து மாதப் பிடித்தத்திலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ரிட்டர்ன் போடாதவர் பெயரில் வண்டி வாங்கினால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். எங்கள் ஊரில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பலர் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ கார் வாங்குகிறார்கள். அவர்கள் வாழ்நாளில் ரிட்டர்ன் போட்டதே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இதற்காகவாவது ஒரு தடவை போடுவது நல்லது, பத்தாயிரம் ரூபாய் சும்மா வருவதில்லை.

ஆக 12,000 விலையேற்றம், 51,860 சாலை வரி, 10,060 டி.சி.எஸ். கூட்டினால் சரியாக 73,920. கணக்குப் பொருந்தியதும் பாதிக் கோபம் தணிந்தது. மீதிக் கோபம் வேறு ஒன்றின்மேல். முன்பதிவுப் படிவத்தைத் தேடி எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். டெலிவரி நாளில் உள்ள விலையும் வரியுமே செல்லும் என்று அதில் இருந்தது. நவம்பரில் 9,94,000 வண்டிக்கு முன்பதிவு செய்கிற ஒருவரிடம், "ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஏறினால் உங்கள் வரிப் படி மாறிவிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? அந்தப் பையன்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஒன்பதே முக்காலுக்கும் பத்தேகாலுக்கும் நடுவில் உங்கள் வண்டி விலை இருந்தால், முன்பதிவுக்கு முன்னாலேயே இதைப் பேசுங்கள். விலை ஏறினால் பழைய விலைக்கே தருவார்களா என்று கேட்டு, தருவதாகச் சொன்னால் அதைப் படிவத்திலேயே எழுதி முத்திரை போட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை ஜனவரியில் நிற்காது. இதே மாதிரி 20 லட்சத்திலும் ஒரு படி இருக்கிறது. அங்கே ஏறுவது இரண்டு சதவீதம் என்றாலும் தொகை நாற்பதாயிரத்துக்குக் குறையாது.

அடுத்த நாள் நாத்தனார் வீட்டு அண்ணன் போன் செய்தார். கேரளத்துப் பாறசாலையில் இருக்கிறார். "எதுக்குக் கெடந்து கஷ்டப்படுதே? என் அட்ரஸ்ல இங்க எடு, கேரளாவுல பத்துக்கு மேல பதினஞ்சு சதவீதம்தான்" என்றார். உண்மைதான். கேரளத்தில் 10 முதல் 15 லட்சம் வரையுள்ள காருக்கு 15 சதவீதம். முப்பதாயிரம் ரூபாய் மிச்சம் வரும். எங்கள் தாலுகாவில் கே.எல். நம்பர் வண்டிகள் தெருவுக்கு நாலு நிற்பதைப் பார்க்கலாம். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஆனால் ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அப்படிச் செய்யும்போது கேரளத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்றபடி வரி கட்டி, அப்புறம் அங்கே கட்டிய வரியில் மீதியைத் திருப்பித் தரும்படி விண்ணப்பம் போட்டு அலைய வேண்டும். வண்டி தூங்குவது குழித்துறையில், ஓடுவது மார்த்தாண்டத்தில். முப்பதாயிரத்துக்காக வழியில் சோதனை என்று கைகாட்டும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க என்னால் முடியாது. "வேண்டாம் அண்ணே, டி.என். எழுபத்தஞ்சே போதும்" என்று சொல்லிவிட்டேன். கேரளத்திலிருந்து பழைய கார் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவர்களும் இந்த மறுபதிவு வரியை விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அப்புறம்தான் எனக்கு அந்தக் கறுப்புக் கூரை ஞாபகத்துக்கு வந்தது. விலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதே மாடல், அதே இன்ஜின், எல்லா வசதியும் அப்படியே இருக்க, ஒற்றை வண்ணத்தில் 9,91,000. இரட்டை வண்ணத்துக்காக மட்டும் 15,000 கூடுதல். அந்தப் பதினைந்தாயிரம் எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால்தான் வண்டி பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. வண்டி வாங்கிய பிறகு வெளியே எங்காவது கூரைக்குக் கறுப்பு ஒட்டினால்கூட அதில் பாதிச் செலவு ஆகாது (ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் நிறம் எழுதியிருப்பார்கள், அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும், நான் ஒட்டவில்லை). கணக்கை மகனிடம் காட்டினேன். கூரைக் கலரின் விலை பதினைந்தாயிரம் இல்லை, டி.சி.எஸ் போக அறுபத்தேழாயிரம் என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். மாமிதான் முடித்து வைத்தார்: "லேய், கூரைக்கு மேல நீ ஏறியா இருக்கப் போற? உள்ளதானே இருக்கப் போற."

ஷோரூமுக்குத் திரும்பப் போய் ஒற்றை வண்ண வண்டி கேட்டேன். முதலில் முடியாது என்றார்கள். இந்த வண்டி உங்கள் பெயருக்கு ஒதுக்கியாயிற்று, மாற்றினால் மறுபடியும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பதிலாகப் பத்தாயிரம் தள்ளுபடி தருகிறோம் என்றார் மேலாளர். அப்படியென்றால் விலை பத்துக்குக் கீழே வருமா என்று கேட்டேன். இல்லை, தள்ளுபடி தனியாக வரும், வரி பட்டியல் விலைக்குத்தான் போடுவோம் என்றார். அப்படியானால் அந்தத் தள்ளுபடியால் எனக்குப் படி மாறப் போவதில்லை. தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று எதைச் சொன்னாலும், அது வரி போடும் விலையைக் குறைக்கிறதா அல்லது கடைசித் தொகையிலிருந்து மட்டும் கழிகிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஐம்பதாயிரம் வித்தியாசம் வரலாம். நான் காத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். இன்வாய்ஸ் போடாத வரைக்கும், வரி கட்டாத வரைக்கும் மாற்ற முடியும். வரி கட்டி ரசீது வந்துவிட்டால் அப்புறம் யார் காலில் விழுந்தாலும் நடக்காது.

இந்த மாற்றத்தில் எனக்கு நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருடக் கடைசிக்கு என்று அறிவித்திருந்த எக்ஸ்சேஞ்ச் போனஸ் 15,000 டிசம்பரோடு முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். பழைய கார் கைவிட்டுப் போனதால் வாடகைக் கார்ச் செலவு இருபதாயிரத்தைத் தாண்டியது. வங்கியில் புது விலைத்தாள் கொடுத்துச் சாங்ஷன் கடிதத்தை மாற்ற வேண்டி வந்தது. அங்கே ஒரு அலைச்சல். கடன் பாதுகாப்புக் காப்பீடு என்று ஒன்றை அந்த இடைவெளியில் நுழைக்கப் பார்த்தார்கள், எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் விட்டுவிட்டார்கள். பழைய வண்டியைப் புது வண்டி வந்து நிற்கிற அன்றைக்குத்தான் ஒப்படைக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மதிப்பை மட்டும் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

காத்திருந்த நாட்களில் விலைத்தாளின் மற்ற இனங்களையும் ஒவ்வொன்றாக நோண்டினேன். ஒரு கோபத்தில் ஆரம்பித்ததுதான், ஆனால் நல்ல லாபம். பதிவுச் செலவு என்று 9,800 போட்டிருந்தார்களே, அதை உடைத்துக் கேட்டேன். மத்திய அரசு விதிப்படி காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200. கடனில் வாங்கினால் வங்கியின் பெயரை ஆர்.சி.யில் ஏற்ற 1,500. அதுபோக ஒருமுறை கட்டும் சாலைப் பாதுகாப்பு வரி இரண்டாயிரத்துச் சில்லறை. எப்படிக் கூட்டினாலும் ஐந்தாயிரத்தைத் தொடவில்லை. மீதி என்ன என்றால் "ஆபீஸ் செலவுக்கா" என்று சிரித்தான். எந்த ஆபீஸ் என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். பதிவுக் கட்டணமும் வரியும் ஆன்லைனில் கட்டி ரசீது எடுக்கிற காலம் இது. எனக்கு ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது நகல் வேண்டும், ரசீது உள்ளதற்கு மட்டும் பணம் தருகிறேன் என்று மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். வாயால் கேட்டபோது இழுத்தடித்தவர்கள், எழுத்தில் கேட்டதும் மாலைக்குள் திருத்திய தாளை அனுப்பிவிட்டார்கள். லாஜிஸ்டிக்ஸ் 7,500-உம் அப்படித்தான் போயிற்று. சில இடங்களில் இதை ஹேண்ட்லிங் சார்ஜ் என்பார்கள். ஷோரூம் விலை என்றாலே வண்டி ஷோரூமில் வந்து நிற்கிற வரைக்குமான விலை. அதைக் கிடங்கிலிருந்து கொண்டு வந்ததற்குத் தனியாக ஏன் பணம்? இது எந்த அரசுக்கும் போகிற கட்டணம் இல்லை. கேட்டால் எடுத்துவிடுவார்கள், கேட்காதவர்கள் கட்டுகிறார்கள்.

பெரிய மிச்சம் காப்பீட்டில்தான். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அப்படித்தான். அதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியிலும் ஒரே விலை. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள என் காருக்கு அது 10,640, அதன்மேல் ஜி.எஸ்.டி. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி ஒரு வருடத்துக்குப் போதும், அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். ஷோரூம் தாளில் மொத்தம் 47,500. வெளியே நானே விசாரித்து, தேய்மானம் பிடிக்காத கூடுதல் வசதியும் சேர்த்து, வண்டியின் காப்பீட்டு மதிப்பும் அதே அளவு வைத்து எடுத்தது 33,900. "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காதுக்கா" என்று பயமுறுத்தினார்கள். கேஷ்லெஸ் என்றால் பழுது பார்க்கும் பணத்தைக் கம்பெனியே பணிமனைக்கு நேராகக் கட்டிவிடுவது. அந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்கு நம் ஊர்ப் பணிமனையோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எந்தெந்தப் பணிமனை என்று கம்பெனியிடமே கேட்டுப் பட்டியல் வாங்கிக்கொண்டேன். பிரீமியம் ஒப்பிடும்போது காப்பீட்டு மதிப்பைக் குறைத்துப் போட்டு மலிவாகக் காட்டுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உங்கள் ஸ்கூட்டர் பாலிசியிலோ தனியாகவோ இருந்தால் மறுபடி எடுக்கத் தேவையில்லை, அந்தத் தொகையை நீக்கச் சொல்லலாம்.

அக்சஸரீஸ் 18,000-இல் மிதியடி மட்டும் எடுத்தேன், 3,200. மற்றதெல்லாம் மார்த்தாண்டத்தில் பாதி விலை. கூடுதல் வாரண்டி 14,000-ஐ மட்டும் விடவில்லை. வீண்செலவு என்று அண்ணன் சொன்னார். பழைய வண்டி நடுவழியில் நின்றபோது மாமியோடு வெயிலில் நின்றது அவரில்லை.

வண்டி வந்தபோது இன்வாய்ஸை உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். அடிப்படை விலை 8,39,830 சொச்சம். அதன்மேல் மத்திய ஜி.எஸ்.டி 9 சதவீதம், மாநில ஜி.எஸ்.டி 9 சதவீதம், இரண்டும் சேர்ந்து 1,51,170 சொச்சம். இந்த வரியும் சேர்ந்த 9,91,000-க்குத்தான் சாலை வரி 13 சதவீதம், 1,28,830. வரிக்கும் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டே முக்கால் லட்சம்கூட இல்லாத ஒரு பொருளுக்கு இரண்டு அரசுகளுக்குமாக 2,80,000 ரூபாய் கட்டியிருக்கிறேன், மூன்றில் ஒரு பங்கு. வண்டியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் போனால் திருப்பதிசாரத்தில் டோல் வேறு. இதைச் சொன்னால் ரோட்டில் உள்ள பள்ளத்தைப் பற்றியும் பேச வேண்டி வரும், விட்டுவிடுகிறேன். எல்லாம் சேர்ந்து கடைசியில் என் கையிலிருந்து போனது 11 லட்சத்து 75 ஆயிரம் சொச்சம். ஜனவரியில் வட்டம் போட்டுக் காட்டிய தொகையைவிட ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் குறைவு.

இன்னும் ஒரு விஷயம் மிச்சம். ஆர்.சி. கைக்கு வந்ததும் பெயர், முகவரி, இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், வங்கியின் பெயர் எல்லாவற்றையும் வண்டியோடும் இன்வாய்ஸோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு வீட்டுப் பெயரில் ஒரு எழுத்து தப்பாக வந்தது. உடனே சொன்னதால் ஷோரூம்காரர்களே திருத்திக் கொடுத்தார்கள். வரி ரசீது, காப்பீடு, இன்வாய்ஸ், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். கடன் முடிகிற அன்று வங்கியிலிருந்து தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் வங்கியின் பெயரை எடுத்துவிட வேண்டும். கடன்தான் முடிந்துவிட்டதே என்று விட்டுவிட்டால் வண்டியை விற்கப் போகும்போதுதான் தெரியும். எங்கள் பழைய காருக்கு அதைச் செய்யாமல் வைத்திருந்ததால், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது வங்கி கிளையே வேறு கிளையோடு சேர்ந்து போயிருந்தது. அந்தச் சான்றைத் தேடி அலைந்ததைத் தனியாக எழுதினால் இன்னொரு கதை வரும்.